ஒரு சொட்டு சொல்வதும்... சொல்லாததும்!

வீட்டுக்கு வீடு வாசற்படி என்பார்கள். இப்போது வீட்டுக்கு வீடு குளுக்கோமீட்டர்! டி.வி. ஸ்டாண்டிலோ, மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்திலோ ஒரு சின்ன ஜிப் பை. அதற்குள் குட்டியாக ஒரு மெஷின். காபிக்கு முன்னால் அப்பா விரலை நீட்டுகிறார், மகள் குத்துகிறாள், ஐந்தே விநாடியில் எண் வந்துவிடுகிறது. அன்றைக்கு இட்லி மூன்றா நாலா என்பதிலிருந்து, இன்சுலின் எத்தனை யூனிட் என்பது வரை அந்த எண்தான் முடிவு செய்கிறது.

இந்த மெஷின் விஷயத்தில் நம் வீடுகளில் இரண்டு கட்சிகள் உண்டு. "அதான் மீட்டர்ல பார்த்துட்டேனே... டாக்டர்கிட்ட எதுக்குப் போகணும்?" என்பது ஒரு கட்சி. "சும்மா ஸார்! வீட்ல பார்த்தா 142, உடனே லேப்ல போய்ப் பார்த்தா 125. டுபாக்கூர் மெஷின்!" என்று பீரோவில் தூக்கிப் போட்டுவிடுவது இன்னொரு கட்சி.

இரண்டுமே தப்பு என்பது என் அபிப்பிராயம். அந்த ஒரு சொட்டுக்குச் சில விஷயங்கள் நன்றாகத் தெரியும், சில விஷயங்கள் சுத்தமாகத் தெரியாது. தெரிந்ததைக் கேட்டால் உயிரைக் காப்பாற்றும். தெரியாததைக் கேட்டால் ஆளையே கவிழ்த்துவிடும். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி என்றது. அதனால் இது யாரோ சிலருடைய பிரச்னை இல்லை, நம் எல்லோர் வீட்டுப் பிரச்னை.

ஸ்ட்ரிப்புக்குள் ஒரு வாய்க்கால்

அடுத்த தடவை ஸ்ட்ரிப்பைக் கையில் எடுக்கும்போது அதன் நுனியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மெல்லியதாக ஒரு சந்து தெரியும். ரத்தத்தை அதன் வாயில் தொட்டதும், யாரோ ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுகிற மாதிரி 'சட்'டென்று உள்ளே போய்விடும். பம்ப் இல்லை, மோட்டார் இல்லை. பின்னே எப்படி?

அகல் விளக்கில் திரி எண்ணெயைத் தானாகவே மேலே இழுக்கிறதல்லவா? வேட்டியின் நுனி வாளித் தண்ணீரில் பட்டால் ஈரம் விறுவிறுவென்று மேலே ஏறுகிறதல்லவா? அதே சமாசாரம்தான். போதுமான அளவு குறுகலான பாதை கிடைத்தால் திரவம் தானாகவே அதற்குள் ஏறும். பள்ளிக்கூடத்தில் 'நுண்புழை' என்று மனப்பாடம் செய்தோமே, அதுதான் இங்கே வேலை பார்க்கிறது. இப்படிப்பட்ட நூலிழை வாய்க்கால்களில் சொட்டிலும் சொட்டான திரவத்தை ஓடவைத்துப் பரிசோதனை செய்வது இன்றைக்குப் பெரிய விஞ்ஞானமாகவே வளர்ந்துவிட்டது.

எவ்வளவு ரத்தம் போகிறது தெரியுமா? சொட்டு மருந்துக் குழாயிலிருந்து விழும் ஒரு சொட்டை நூறு பங்காகப் பிரியுங்கள். அதில் ஒரு பங்கு, மிஞ்சிப் போனால் இரண்டு பங்கு. இன்றைய ஸ்ட்ரிப்புகளுக்கு அது போதும்!

வாய்க்காலுக்குள்ளே ஒரு என்ஸைம் காய்ந்த பூச்சாகக் காத்துக்கொண்டிருக்கிறது. ரத்தம் வந்ததும் அந்தப் பூச்சு கரைந்து, அதிலிருக்கும் குளுக்கோஸோடு வினை புரிகிறது. அதனால் மிக மெல்லிய மின்சாரம் பிறக்கிறது. சர்க்கரை அதிகம் என்றால் மின்சாரம் அதிகம். மீட்டர் அளப்பது அந்த மின்சாரத்தைத்தான். அதை வைத்துக் கணக்குப் போட்டு எண்ணாகக் காட்டுகிறது. கணக்கு சரியாக வர வேண்டுமானால் வாய்க்கால் முழுசாக நிரம்ப வேண்டும், பூச்சு கெடாமல் இருக்க வேண்டும், உள்ளே போவது வெறும் ரத்தமாக மட்டும் இருக்க வேண்டும். இந்த மூன்று நிபந்தனைகளையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் செய்யும் தப்புகள் எல்லாம் இவற்றில்தான் வருகின்றன.

இந்த வசதி ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1965 வாக்கில் வந்த முதல் ரத்தச் சர்க்கரைப் பட்டையில் பெரிய சொட்டாக ரத்தம் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் காத்திருந்து, தண்ணீரில் கழுவி, நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கண் மங்கிய சர்க்கரை நோயாளியிடம் போய் நிறம் பார்க்கச் சொன்னால் எப்படி? 1987-ல் பேனா அளவில் மின்சாரத்தை அளக்கும் மீட்டர் வந்த பிறகுதான் இது வீட்டுச் சாமான் ஆனது. 2021-ல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் கிராமத்து வீட்டு வாசலுக்கே வந்து சர்க்கரை பார்க்க முடிவதும் இந்த வாய்க்காலின் புண்ணியத்தில்தான். ஆகவே 'டுபாக்கூர்' என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

சொட்டு சின்னது... தப்பு பெரிசு!

அளக்கும் ரத்தம் இத்தனை குறைவாக இருப்பதால், சின்னத் தப்பும் பெரிதாகத் தெரியும். திராட்சைச் சாற்றில் உள்ள குளுக்கோஸ், ரத்தத்தில் இருப்பதைவிட ஐம்பது மடங்குக்கும் மேல். பழம் நறுக்கிய கையோடு விரலைக் குத்தினால் என்ன ஆகும்? விரலில் ஒட்டியிருக்கும் அந்தச் சாறும் ரத்தத்தோடு வாய்க்காலுக்குள் போகும். 2011-ல் ஜப்பானில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். பழத்தோல் உரித்த விரலைக் கழுவாமல் பரிசோதித்தபோது எண் எங்கேயோ போய்விட்டது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தும் பிரயோஜனமில்லை. குழாய்த் தண்ணீரில் கழுவிய பிறகுதான் சரியான எண் வந்தது.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடைப்பு, உடனே குத்து. "ஏங்க, ரத்தமே வரலியே... இன்னும் நல்லா அமுக்குங்க!" என்று விரலைப் பிழிந்து எடுப்பது. பிழியும்போது ரத்தத்தோடு சதைக்கு நடுவில் இருக்கும் நீரும் சேர்ந்து வரும். ரத்தம் நீர்த்துப் போகும், எண் தப்பாகும்.

சரியான முறை சிரமமே இல்லை. கையை சோப்புப் போட்டு, முடிந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவுங்கள். ஈரம் போகத் துடையுங்கள். கையைக் கொஞ்ச நேரம் கீழே தொங்கவிடுங்கள், ரத்தம் விரலுக்கு இறங்கி வரும். விரலின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள், வலியும் குறைவு. சொட்டை ஸ்ட்ரிப்பின் மேலே வைக்காதீர்கள், ஸ்ட்ரிப்பின் வாயில் தொடுங்கள், அதுவே குடித்துக்கொள்ளும். வாய்க்கால் பாதிதான் நிரம்பியது என்றால், "இன்னொரு சொட்டு விட்டுடலாம்" என்று டாப்-அப் செய்யாதீர்கள். பெட்டியில் இருக்கும் தாள் அதற்கு அனுமதி கொடுத்திருந்தாலொழிய, புது ஸ்ட்ரிப் எடுப்பதுதான் முறை.

ஸ்ட்ரிப் டப்பா விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அதன் மூடி சும்மா மூடி இல்லை. ஈரத்தை உறிஞ்சும் பொருள் டப்பாவுக்குள் இருக்கிறது. மூடியைத் திறந்து போட்டுவிட்டு, 'அப்புறம் மூடிக்கலாம்' என்று சாவகாசமாக இருந்தால் மழைக்கால ஈரம் பூச்சைக் கெடுத்துவிடும். சமையலறை அடுப்புப் பக்கமும் வேண்டாம், ஃப்ரிட்ஜும் வேண்டாம். டப்பாவைத் திறந்த தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதி வையுங்கள். திறந்த பிறகு எத்தனை மாதம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

இன்னொன்று. அப்பா, அம்மா இருவருக்கும் ஒரே ஊசி என்று சிக்கனம் பிடிக்கவே பிடிக்காதீர்கள். மஞ்சள் காமாலையின் பொல்லாத வகையான ஹெபடைட்டிஸ் பி, கண்ணுக்கே தெரியாத ரத்தக் கறையிலும் பரவும். மீட்டர் ஒன்றாக இருந்தாலும், குத்தும் கருவியும் ஊசியும் ஆளுக்குத் தனியாக இருக்க வேண்டும்.

142-ஆ, 125-ஆ?

இத்தனையும் ஒழுங்காகச் செய்தும் லேப் எண்ணும் வீட்டு எண்ணும் ஒத்துப் போகவில்லையே என்கிறீர்களா? போகாது. போக வேண்டும் என்று சட்டமும் இல்லை. வீட்டு மீட்டர்களுக்கான 2013-ம் வருஷத்து சர்வதேச அளவுகோல் என்ன சொல்கிறது தெரியுமா? சர்க்கரை 100 மி.கி.யும் அதற்கு மேலும் என்றால், நூற்றுக்கு 95 தடவை லேப் எண்ணிலிருந்து 15 சதவிகிதத்துக்குள் இருந்தால் போதும். 100-க்குக் கீழே என்றால் 15 மி.கி.க்குள். லேபில் 125 என்றால் வீட்டு மீட்டர் 107-லிருந்து 143 வரை எதைக் காட்டினாலும் அது பாஸ்! ஆக, 142 காட்டிய மெஷின் டுபாக்கூர் இல்லை. அதனுடைய எல்லைக்குள் நின்றுதான் பதில் சொல்லியிருக்கிறது.

சாப்பிட்ட பிறகு பார்த்தால் வித்தியாசம் இன்னும் கூடும். விரல் நுனி ரத்தத்தில் சர்க்கரை அதிகமாகவும், சதைகளுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பும் நரம்பு ரத்தத்தில் குறைவாகவும் இருப்பது இயற்கை.

சரி, லேப் மட்டும் என்ன அரிச்சந்திரனா? ஊசியால் எடுத்த ரத்தம் குழாயில் சும்மா இருக்கும்போதும் அதிலுள்ள செல்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டேதான் இருக்கும். உடனே பிரித்து வைக்காவிட்டால் மணிக்கு 5 முதல் 7 சதவிகிதம் வரை குறைந்துவிடும். காலையில் வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துப் போனவர், ஊரெல்லாம் சுற்றிவிட்டு மத்தியானம் லேப் போய்ச் சேர்ந்தால்? "சாம்பிள் எத்தனை மணிக்கு லேபுக்குப் போகும்? சர்க்கரைக்கான குழாயில்தானே எடுக்கிறீங்க?" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம், காசு கொடுப்பது நீங்கள்தானே.

சிலருக்குக் கூடுதல் உஷார்

முதலில் ரத்தசோகை உள்ளவர்கள். 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 வயது முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. சிவப்பணு குறைவாக இருந்தால், அதே அளவு சொட்டில் நீர்ப்பகுதி அதிகம், சர்க்கரையும் சுலபமாக என்ஸைமிடம் போய்ச் சேரும். விளைவு... மீட்டர் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். புதிய மீட்டர்கள் பல இதை ஓரளவு சரிசெய்துகொள்கின்றன. ஆனால் கடுமையான ரத்தசோகை என்றால் அவையும் தடுமாறும். கர்ப்ப காலச் சர்க்கரைக்கு வீட்டில் மீட்டர் பார்க்கும் மகளோ மருமகளோ இருந்தால், அவளுடைய ஹீமோகுளோபின் எவ்வளவு என்பதையும் சேர்த்து டாக்டரிடம் சொல்லுங்கள். சர்க்கரை எண்ணை மட்டும் சொன்னால் அது பாதிக் கதைதான்.

அடுத்து, வயிற்றுக்குள் திரவம் விட்டு எடுக்கும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள். அந்தத் திரவங்களில் 'ஐகோடெக்ஸ்ட்ரின்' உள்ள ஒரு வகை உண்டு. அது உடம்பில் மால்ட்டோஸ் என்ற வேறொரு சர்க்கரையாக மாறும். ஒரு குறிப்பிட்ட என்ஸைம் உள்ள ஸ்ட்ரிப்புகள் மால்ட்டோஸையும் குளுக்கோஸ் என்றே நினைத்துக்கொண்டன. மீட்டர் 'அதிகம்' என்றது, இன்சுலின் கொடுத்தார்கள். உண்மையில் சர்க்கரை அப்போது இறங்கிக்கொண்டிருந்தது! இப்படி 1997-லிருந்து 2009 வரை 13 மரணங்கள் பற்றித் தகவல் வந்ததாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2009-ல் எச்சரித்தது. வீட்டில் இந்த வகை டயாலிசிஸ் நடக்கிறதென்றால், எந்த ஸ்ட்ரிப் வாங்கலாம் என்பதை சிறுநீரக டாக்டரிடம் கேட்காமல் வாங்காதீர்கள். 'ஆஃபர்ல கிடைச்சுது' என்ற பேச்சே கூடாது.

மூன்றாவது எல்லோருக்கும் பொருந்தும். வாந்தி, பேதி, கடும் ஜுரம் என்று உடம்பு வற்றிக் கிடக்கும்போது விரல் நுனிக்கு ரத்தம் சரியாக வராது. அந்த எண்ணை நம்பி வீட்டிலேயே உட்கார்ந்திருக்காதீர்கள். அதே மாதிரி, சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுகிறவருக்குத் திடீரென்று கை நடுங்குகிறது, வேர்த்துக் கொட்டுகிறது, மீட்டரோ '160' என்கிறது. எதை நம்புவது? உடம்பை நம்புங்கள். முதலில் சர்க்கரையோ குளுக்கோஸோ வாயில் போடச் சொல்லுங்கள். பிறகு கையைக் கழுவி மறுபடி பாருங்கள், டாக்டருக்கு போன் போடுங்கள். ஆள் மயக்கமாக இருந்தால் மட்டும் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

சர்க்கரை நோய் இருக்கிறதா, இல்லையா என்ற முதல் தீர்ப்பை வீட்டு மீட்டரிடம் கேட்காதீர்கள். அதற்கு லேபில் நரம்பு ரத்தத்தில் செய்யும் பரிசோதனைதான் சரி. இருக்கிற நோய் நாளுக்கு நாள் எப்படிப் போகிறது என்று பார்க்கத்தான் மீட்டர்.

கோடு போடும் அட்டைகள்

கர்ப்பத்தைக் காட்டும் அட்டை, டெங்குவுக்கான அட்டை, கொரோனா காலத்தில் நாம் மூக்கைக் கொடுத்த அட்டை... எல்லாமே திரி எண்ணெய் இழுக்கிற அதே தத்துவம்தான். திரவம் காகிதத்தில் ஊர்ந்து போய் கோடு போடுகிறது. ஊர்ந்து போவதற்கென்று ஒரு நேரம் உண்டு. அதற்கு முன்னால் பார்த்தாலும் தப்பு, மறந்துபோய் ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் தப்பு. காய்ந்த அட்டையில் தெரியும் மங்கல் கோட்டைப் பார்த்து சந்தோஷப்பட்ட வீடுகளும் உண்டு, அழுத வீடுகளும் உண்டு. டெங்கு அட்டையில் கோடு விழவில்லை என்பதற்காக 'டெங்கு இல்லை' என்று முடிவு கட்டவும் முடியாது. ஜுரத்தின் எத்தனையாவது நாள் என்பதைப் பொறுத்து ரிசல்ட் மாறும்.

'ஒரே சொட்டில் 200 டெஸ்ட்!'

ஒரு சொட்டு இவ்வளவு சொல்லும்போது, எல்லாவற்றையுமே சொன்னால் என்ன? இந்த ஆசையில்தான் ஒரு பெரிய நாடகம் அரங்கேறியது.

அமெரிக்காவில் எலிசபெத் ஹோம்ஸ் என்ற பெண், 2003-ல், 19 வயதில் 'தெரனோஸ்' என்ற கம்பெனியைத் தொடங்கினார். விரலிலிருந்து சில சொட்டு ரத்தம் போதும், 200-க்கும் மேற்பட்ட பரிசோதனைகள் செய்யலாம் என்றார். பெரிய மனிதர்கள் கோடி கோடியாகக் கொட்டினார்கள். கம்பெனியின் மதிப்பு 900 கோடி டாலர் என்றார்கள். 2015 அக்டோபரில் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' பத்திரிகையில் ஜான் கேரிரூ குட்டை உடைத்தார். பெரும்பாலான பரிசோதனைகள் வேறு கம்பெனிகளின் சாதாரண மெஷின்களில்தான் நடந்திருக்கின்றன! தெரனோஸ் 2018-ல் இழுத்து மூடப்பட்டது. முதலீட்டாளர்களை மோசடி செய்த குற்றத்துக்காக 2022 நவம்பரில் அவருக்கு 11 வருஷம் 3 மாதம் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

பணக்காரர்களின் பணம் போனது ஒரு பக்கம். தப்பான ரிசல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு தூக்கம் கெட்ட சாதாரண ஜனங்களை நினைத்துப் பாருங்கள்.

ஏன் முடியவில்லை? ரத்தத்தில் குளுக்கோஸ் தாராளமாக இருக்கிறது, அரைத் துளியிலும் சிக்கும். தைராய்டுக்காகப் பார்க்கும் டி.எஸ்.ஹெச். அதைவிடப் பல லட்சம் மடங்கு குறைவு. பொட்டாசியம் பார்க்கலாம் என்றால், விரலைப் பிழியும்போது உடையும் சிவப்பணுக்களிலிருந்தே பொட்டாசியம் கசிந்து எண்ணைக் கெடுக்கும். போதாக்குறைக்கு, ஒரே விரலில் ஒரே குத்தில் வரும் சொட்டுகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. 2015-ல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் இதை அளந்து பார்த்தார்கள். ஹீமோகுளோபின், வெள்ளணு எண்ணிக்கை போன்றவை சொட்டுக்குச் சொட்டு மாறின. நரம்பு ரத்தம் போல நிலையான எண் கிடைக்க 6 முதல் 9 சொட்டு வரை சேர்த்து சராசரி எடுக்க வேண்டியிருந்தது.

அப்படியானால் இந்த விஞ்ஞானமே வீணா? இல்லவே இல்லை. நரம்பிலோ தமனியிலோ ஒழுங்காக எடுத்த சில சொட்டு ரத்தத்தைச் சின்ன கார்ட்ரிட்ஜில் விட்டு, நோயாளியின் படுக்கைப் பக்கத்திலேயே சோடியம், பொட்டாசியம் பார்க்கும் கருவிகள் ஆஸ்பத்திரிகளில் அருமையாக உதவுகின்றன. வாய்க்கால் சின்னதாக இருப்பதில் கோளாறு இல்லை. அதனிடம் நியாயமான கேள்வி கேட்கிறோமா என்பதுதான் விஷயம்.

ஆகவே, அபார்ட்மென்ட் வாசலில் மேஜை போட்டு "ஒரே சொட்டு, முழு பாடி செக்கப்!" என்று யாராவது கூப்பிட்டால் கையை நீட்டுவதற்கு முன் வாயைத் திறந்து கேளுங்கள். எந்தெந்த டெஸ்ட்? ஒவ்வொன்றையும் நரம்பு ரத்தப் பரிசோதனையோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்களா? ரிசல்ட் தப்பாக வந்தால் யார் பொறுப்பு? பதில் மழுப்பலாக வந்தால், "ரொம்ப தேங்க்ஸ்" என்று நடையைக் கட்டுங்கள்.

யார் என்ன செய்ய வேண்டும்?

மீட்டர் விற்கும் கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பில் போட்டு பையில் போட்டுக் கொடுப்பதோடு உங்கள் வேலை முடியவில்லை. ஐந்து நிமிஷம் ஒதுக்கி, எப்படிக் குத்துவது, எப்படித் தொடுவது என்று செய்து காட்டுங்கள். கம்பெனிக்காரர்களே, அந்தப் பொடி எழுத்துத் தாளை நாலாக மடித்து உள்ளே திணித்தால் போதாது. 'கையைக் கழுவுங்கள், பிழியாதீர்கள், மூடியை மூடுங்கள்' என்ற மூன்றையாவது டப்பாவின் மேலேயே பெரிய தமிழ் எழுத்தில் போடுங்கள். எழுபது வயதுக் கண்களும் படிக்கட்டும். டாக்டர்களுக்கும் ஒரு விண்ணப்பம். நோயாளி சொல்லும் எண்ணை எழுதிக்கொள்வதோடு விடாமல், "எப்படிப் பார்த்தீங்க, ஒரு தடவை என் முன்னாடி செஞ்சு காட்டுங்க" என்று கேளுங்கள்.

வாசகர்களே, உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஒரே ஒரு எண்ணைப் பார்த்துப் பயந்தோ, துள்ளிக் குதித்தோ மருந்தை நீங்களாகக் கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள். தேதி, நேரம், சாப்பிட்டதற்கு முன்னா பின்னா என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஒரு எண் சொல்லாததை ஒரு மாதத்து எண்கள் சேர்ந்து சொல்லும். அடுத்த முறை ரத்தம் கொடுக்க லேபுக்குப் போகும்போது மீட்டரையும் கூடவே எடுத்துப் போங்கள். வெறும் வயிற்றில், லேபில் ரத்தம் எடுக்கும் அதே நேரத்தில் உங்கள் மீட்டரிலும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு எண்களுக்கும் 15 சதவிகிதத்துக்குள் வித்தியாசம் என்றால் நிம்மதியாக வீட்டுக்கு வாருங்கள். அதற்கு மேலே போனால், இரண்டு எண்களையும் மீட்டரையும் எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள்.